கெட்டில் ஏரிக்கு வாருங்கள்

டால்வில், மினசோட்டா
10 ஜனவரி 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

நலம். நீயும் நம் மகள் லூயனும் பேரனும் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமைதானே தொலைபேசியில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். தொலைபேசியில் நாம் என்ன பேசுகிறோம், சொல். இங்கே எவ்வளவு குளிர், அங்கே எவ்வளவு வெயில், சரி வைக்கட்டுமா. மூன்று வருஷமாக ஒருவருக்கொருவர் வானிலை அறிக்கைதான் வாசித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு வாயைவிடக் கை கொஞ்சம் பரவாயில்லை என்று உனக்குத் தெரியும். அதுவும் கொஞ்சம்தான்.

விஷயம் இதுதான். ஊரில் ஆள் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இப்படியே போனால் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அதனால் வெளியூர்க் குடும்பங்களை இழுக்க ஒரு துண்டுப் பிரசுரம் போடுவது என்று ஆலயத்தின் கீழ்க்கூடத்தில் கூடி முடிவு செய்தோம். இந்த ஏரிக்கரையில் குடியிருப்பதில் என்னென்ன சுகம் என்று யாராவது எழுத வேண்டும். யார் என்றதும் எல்லோரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் மட்டும் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ஹார்லன் எழுதட்டும். பிறந்ததிலேர்ந்து அந்த ஏரியைத்தானே பாத்துக்கிட்டிருக்கான்" என்றாள் தபால் ஆபீஸ் பெர்னிஸ்.

பக்கத்து வீட்டு டொய்வோ சும்மா இருப்பானா? "ஆர்டிஸைக் கேட்டு எழுதுடா. அவ ஏன் திரும்பி வரலைன்னு சொல்லட்டும். அதை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் எழுதிடலாம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதுவரைக்கும் சூடேறிவிட்டது. வழக்கம்போல, "பேரனைப் பாத்துக்கப் போயிருக்கா" என்றேன். சைக்கிள் ஓட்டுகிற வயசுப் பேரனை இன்னும் என்ன பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் நல்லவர்கள்.

இதுவரை எழுதியது: "ஏரி இருக்கிறது. மீன் இருக்கிறது." அதற்குமேல் வரவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

இன்னொன்று. மார்ச்சில் நான் அங்கே வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறாய்?

உன்
ஹார்லன்

*

மேசா, அரிசோனா
24 ஜனவரி 1993

அன்புள்ள ஹார்லன்,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நீ கடைசியாக எனக்குக் கடிதம் எழுதியது ராணுவத்திலிருந்து.

"ஏரி இருக்கிறது. மீன் இருக்கிறது." நன்றாயிருக்கிறது! இதைப் படித்துவிட்டு சிகாகோவிலிருந்து ஜனங்கள் சாரை சாரையாக வந்து இறங்கப்போகிறார்கள். மீனுக்காகப் பெண்டு பிள்ளைகளோடு யாராவது வீடு மாறுவார்களா? ஜூன் மாதத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவின பிறகும் வெளிச்சம் போகாமல் நிற்குமே, அதை எழுது. லூன் பறவை கூப்பிடுவதை எழுது. கதவைப் பூட்டாமல் கடைக்குப் போவதை எழுது. புளூபெரி பறிக்கப் போய் நாக்கெல்லாம் நீலமாகத் திரும்புவதை எழுது. ஏப்ரல் கடைசியில் ஐஸ் உடையும்போது ஏரி முழுக்க ஒரு சத்தம் வருமே... சரி, போகட்டும். நான் எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன்? நான்தான் அங்கே இல்லையே.

இங்கே எல்லோரும் சுகம். கொல்லையில் ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறது. லூயனுக்கு ஆஸ்பத்திரியில் மாலை வேலை. ஞாயிறும் புதனும் நான் நடந்தே ஆலயத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே நெப்ராஸ்காவிலிருந்து வந்த வில்மா என்று ஒருத்தி, ரொம்ப நல்ல மாதிரி. சமையலறையில் நானும் அவளும்தான்.

மார்ச்சில் நீ வருவதாக எழுதியிருக்கிறாய். எதற்கு வீண் சிரமம்? லூயன் வீடு சின்னது. உனக்கு வெயில் ஆகாது. ஸ்கிப்பரை யார் பார்த்துக்கொள்வார்கள்? கிழட்டு நாய், நீ இல்லாவிட்டால் சாப்பிடாது. வேண்டாம் ஹார்லன்.

அன்புடன்,
ஆர்டிஸ்

*

டால்வில்
6 பிப்ரவரி 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

நீ எழுதியதை அப்படியே காப்பியடித்துக் கமிட்டியில் வாசித்தேன். புளூபெரியில் நீல நாக்கு வந்ததும் பெர்னிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இது நீ எழுதினதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்தான். உன் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதனால்.

உறைந்த ஏரிமேல் என் மீன்பிடிக் குடிலை இந்த வருஷம் பாறைமுனைக்கு நேரே போட்டிருக்கிறேன். ஐஸ் என் கை நீளத்துக்கு மேல் கனம். மீன் சுமார்தான். டொய்வோ தினமும் வந்து என் அடுப்பில் குளிர்காய்ந்துவிட்டு, என் காப்பியைக் குடித்துவிட்டு, என் மீனைக் குறை சொல்லிவிட்டுப் போகிறான்.

ஸ்கிப்பரை அவன் பார்த்துக்கொள்வான். வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது. லூயன் வீட்டில் சோபா இருக்கிறதல்லவா, அது போதும். வரட்டுமா?

நீ வேண்டாம் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் ஒரு கோப்பைக் காப்பிக்கே இரண்டு முறை வேண்டாம் சொல்லி மூன்றாம் முறைதானே கையை நீட்டுகிறோம்.

உன்
ஹார்லன்

*

மேசா
20 பிப்ரவரி 1993

அன்புள்ள ஹார்லன்,

இது காப்பி விஷயம் இல்லை. மரியாதைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சொல்கிறேன், இந்த மார்ச்சில் வேண்டாம். லெந்து காலம். ஈஸ்டர் வரைக்கும் ஆலயத்தில் புதன்தோறும் சூப் விருந்து. எனக்கு அங்கேயே வேலை சரியாக இருக்கும். நீ வந்தும் என்னைப் பார்க்க முடியாது. லூயனும் அசதியாக இருக்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாமே.

உன்மேல் கோபம் ஏதும் இல்லை. அப்படி நினைத்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. போன முறை பேசும்போது இருமினாய்.

அன்புடன்,
ஆர்டிஸ்

*

டால்வில்
13 மார்ச் 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

"உண்மையாகவே சொல்கிறேன்" என்று பெர்னிஸ் வீட்டில் ஆப்பிள் கேக் வேண்டாம் என்றபோதும் சொன்னாய். பிறகு இரண்டு துண்டு சாப்பிட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மூன்றாம் முறை கேட்டாயிற்று என்று வைத்துக்கொள். பஸ் டிக்கெட் வாங்கிவிட்டேன். பதினேழாம் தேதி, புதன் மாலை வந்து சேருவேன். லூயனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். இந்தக் கடிதம் எனக்கு முந்தி வந்தால் சரி.

ஹார்லன்

*

டால்வில்
28 மார்ச் 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஸ்கிப்பர் நலம். டொய்வோ அதற்கு வெண்ணெய் போட்டுக் கொழுக்க வைத்திருக்கிறான்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். லூயன் வீட்டில் அத்தனை நாள் இருந்தும் நீயும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒழுகின குழாயைச் சரிசெய்தேன். பேரனின் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன். ஆரஞ்சு பறித்தேன். பஸ் நிலையத்தில் உன்னிடம், "ஊர்ல குளிர் குறைஞ்சிருக்கும்" என்றேன். நீ "ஆமா, குறைஞ்சிருக்கும்" என்றாய். வருகிற வழியெல்லாம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நடந்ததை ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

லூயன் என்னைப் பஸ் நிலையத்திலிருந்து அழைத்து வந்து ஆலய வாசலில் இறக்கிவிட்டாள். "அம்மா சமையலறைல இருப்பா, போங்கப்பா, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று பறந்துவிட்டாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளைத் தலைமுடி, மஞ்சள் ஏப்ரன், ஒரு பெண்மணி ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க! புதுசா? எந்த ஊரு?"

"மினசோட்டா. கெட்டில் ஏரி."

"கெட்டில் ஏரியா! எங்க ஆர்டிஸோட ஊரு! அப்போ உங்களுக்கு ஹார்லனைத் தெரிஞ்சிருக்குமே, பாவம், அவ வீட்டுக்காரர்?"

பாவம் என்றாளே, அதைத்தான் முதலில் கவனித்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் போய் மூணு வருஷமாச்சாம். இன்னமும் மோதிரத்தைக் கழட்டலை. பேச்செடுத்தாலே கண்ணு கலங்கிடும்" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மா, அது நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவள் அவ்வளவு அன்பாகக் கையைப் பிடித்திருந்தாள். அவளைச் சங்கடப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. உன்னையும்தான். "ஓரளவு தெரியும்" என்றேன்.

"எப்படிப்பட்டவர்?"

"அதிகம் பேச மாட்டான்."

"போனவங்களைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க" என்று என் கையில் தட்டினாள். பெயரைக் கேட்டாள். என் வாயில் டொய்வோ என்றுதான் வந்தது. அவனுக்கு மட்டும் இது தெரிந்தால் நான் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பிறகு என்னை உட்கார வைத்து அவரைக்காய் சூப்பை ஊற்றிக்கொண்டே உன் வில்மா சொன்னாள். செத்துப்போன ஹார்லனைப் பற்றிச் சொன்னாள். பனியில் ஆலயத்துக்கு நடக்கும்போது அவர் முன்னால் போவாராம். பின்னால் வருகிறவள் அந்தத் தடத்திலேயே கால் வைக்கும்படி தன் எட்டைக் குறைத்துக் குறைத்து வைப்பாராம். கோடையின் முதல் மீனைப் பொரித்தால் கன்னத்துச் சதையை எடுத்து அவள் தட்டில் வைப்பாராம், ஒன்றும் சொல்லாமல். குளிர்காலத்தில் அவளுடைய பூட்ஸை அடுப்புப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வெளியே போவாராம்.

ஆர்டிஸ், இதையெல்லாம் நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தேன் என்றே பாதி நினைவில்லை.

அப்புறம் ஏரியைப் பற்றி ஆரம்பித்தாள். அந்த மேசையில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐஸ் உடைகிற நாளில் கரையோரம் கண்ணாடிச் சரம் குலுங்குகிற மாதிரி சத்தம் கேட்குமாமே, நிஜமா? ராத்திரியில் வடக்கு வானத்தில் பச்சை ஒளி ஆடுமாமே? பனி விழுந்த மறுநாள் ஊரே பேசாமல் இருக்குமாமே? பார்க்காத ஊரைப் பற்றி அவர்கள் எனக்குச் சொன்னார்கள். நான் சூப்பைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். கமிட்டிக்கு வேண்டிய பிரசுரம் முழுவதையும் நீ அந்த மேசையில் பேசியே முடித்துவிட்டிருந்தாய்.

அப்போதுதான் நீ ரொட்டித் தட்டோடு வந்தாய்.

"ஆர்டிஸ், யாரு வந்திருக்கா பாரு! உங்க ஊரு டொய்வோ!" என்றாள் வில்மா.

என் கடிதம் எனக்கு முந்தி வந்திருக்கவில்லை; உன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறுபடி சாகும்வரை என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. "டொய்வோ... வாங்க. ரொட்டி?" என்றாய். வேண்டாம் என்றேன். "ஒண்ணே ஒண்ணு?" இருக்கட்டும் என்றேன். "சும்மா எடுத்துக்கோங்க" என்றாய். எடுத்துக்கொண்டேன்.

நீ இரண்டு கடிதத்திலும் வேண்டாம் என்றதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன் பேச்சைக் கேட்காமல் வந்து நின்றேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஒரு நல்ல மனிதனின் துக்க வீட்டில் அழையாமல் நுழைந்து மூன்று கிண்ணம் சூப் குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ஹார்லன்

*

மேசா
9 ஏப்ரல் 1993

அன்புள்ள ஹார்லன்,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தினமும் எடுக்கிறேன், முகத்தை மூடிக்கொள்கிறேன், திரும்ப வைக்கிறேன். நீ கடிதம் எழுதியதால் நான் பதில் எழுதத்தான் வேண்டும்.

நான் யாரிடமும் நீ செத்துவிட்டாய் என்று சொல்லவில்லை. இது சத்தியம். இங்கே வந்த முதல் ஞாயிறு, தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் வில்மா என் கையைப் பிடித்து, "எங்க மேசைக்கு வாங்க" என்று கூட்டிப்போனாள். உட்கார்ந்து பாதி சாப்பிட்ட பிறகுதான் அது விதவைகள் மேசை என்று தெரிந்தது. எனக்காக ஒரு நாற்காலி கொண்டுவந்து, இரண்டு பேர் நகர்ந்து, தட்டில் பன்றிக்கறி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது எழுந்து நின்று, என் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி ஜெபம் செய்துவிட்டார். அவ்வளவுதான்.

அது சங்கடம். வெட்கப்பட வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. எனக்கு அந்த மேசை பிடித்துப்போயிற்று ஹார்லன்.

விதவையிடம் எல்லோரும் புருஷனைப் பற்றிக் கேட்கிறார்கள். நம் ஊரில் யாராவது என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா? ஐஸ் தாங்குமா என்று உன்னைக் கேட்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இங்கே கேட்டார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஞாபகம் வந்தது. எதிரே நீ பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதில் ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்காது. செத்தவனை நேசிக்கிறது சுலபமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

உன்மேலும் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாதே. ஏரி உறைந்ததும் குடிலை இழுத்துக்கொண்டு நடுவே போய்விடுவாய். ஐஸ் கெடும்போதுதான் கரை ஏறுவாய். சாப்பிட வருவாய், தூங்க வருவாய், அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்கச் சமையலறை ஜன்னலில் நின்று உன் குடிலின் புகையைப் பார்ப்பேன். புகை வந்தால் நீ உயிரோடிருக்கிறாய் என்று அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த விதவைகள் மேசை எனக்கு அப்படியொன்றும் புதிதில்லை.

இப்போது கேள். வில்மாவும் மற்றவர்களும் ஜூன் மாதம் ஒரு வேன் எடுத்துக்கொண்டு கெட்டில் ஏரியைப் பார்க்கப் போகிறார்களாம். நான் பேசிப் பேசி ஆசை காட்டிவிட்டேன். நான்தான் வழிகாட்டி. அது மட்டுமா? உன் கல்லறையில் வைக்க ஒரு பூச்சாடியும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நீல நிறம். ஏரி நிறத்தில் வேண்டும் என்று கடை கடையாகத் தேடினார்களாம். அதைத் திறந்து காட்டியபோது நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

என்ன செய்யட்டும்?

ஆர்டிஸ்

*

டால்வில்
19 ஏப்ரல் 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

கோபம் இல்லை. நான் உன் கடிதத்தைக் குடிலை இழுத்து நிறுத்தியிருக்கும் கொட்டகையில் நின்று படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலில் நின்றேன். பாறைமுனை நேராகத் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் நான் அந்த ஜன்னலில் நின்றதே இல்லை. ரொம்ப நேரம் நின்றேன்.

என்னைக் கேட்டால் அவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்கள் அப்பாவின் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. பனி இன்னும் முழங்கால் அளவு, ஜூனுக்குள் கரைந்துவிடும். கல் இன்னும் வரவில்லை என்று சொல்லிப் பூச்சாடியை வைக்கச் சொல். நான் அந்த வாரம் எங்காவது போய்விடுகிறேன். உண்மையைச் சொன்னால், அவர்கள் அறிந்த ஹார்லன் என்னைவிட நல்லவன். அவனை அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டு என்னைக் காட்டுவது நியாயமில்லை.

பிரசுரம் அச்சாகி வந்துவிட்டது. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். அட்டையில் பெர்னிஸின் மருமகன் எடுத்த படம். உள்ளே இருப்பதெல்லாம் நீ சொன்னதும், அந்த மேசையில் அவர்கள் எனக்குச் சொன்னதும். என்னுடையது தலைப்பும் கடைசி வரியும் மட்டும். இதுவரை மூன்று குடும்பங்கள் விசாரித்திருக்கின்றன. பெர்னிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐஸ் கறுத்துவிட்டது. உடைய இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கேட்கலாம்.

உன்
ஹார்லன்

*

மேசா
26 ஏப்ரல் 1993

ஹார்லன்,

சொல்லிவிட்டேன்.

நேற்று ஆராதனை முடிந்து சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்றேன். "என் வீட்டுக்காரர் சாகலை. மினசோட்டால இருக்கார். லெந்துல வந்து மூணு கிண்ணம் சூப் குடிச்சாரே, டொய்வோ, அவர்தான்" என்றேன். ஒரு கரண்டி கீழே விழுந்தது.

வில்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உனக்காக ஒவ்வொரு ராத்திரியும் ஜெபம் பண்ணேனே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் புருஷன் நிஜமாகவே செத்தவர், ஹார்லன். அவளுடைய அழுகைக்குப் பக்கத்தில் நான் என் அழுகையை வைத்திருக்கிறேன். இனி அந்த மேசையில் எனக்கு இடம் கிடையாது. யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கிளம்பும்போது வில்மா படிக்கட்டுக்கு வந்தாள். பூச்சாடியை என் மடியில் வைத்தாள். "உயிரோட இருக்கவருக்கும் பூ வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நீ ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. வேன் வராது.

பிரசுரத்தைப் படித்தேன். தலைப்பு, "கெட்டில் ஏரிக்கு வாருங்கள்." கடைசி வரி, "தயங்காமல் வாருங்கள், உங்களுக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது." அழகாக எழுதியிருக்கிறாய். எந்த ஊர், எந்தப் பெயர் என்று தெரியாத ஜனங்களையெல்லாம் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாய்.

உன் கடிதங்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். நான் வரட்டுமா என்று மூன்று முறை கேட்டிருக்கிறாய். கேட்க நினைக்கிறவர்கள் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷத் தொலைபேசிப் பேச்சையும் நினைவில் தேடிப் பார்த்தேன். நீ வா என்று எனக்கு ஒருமுறைகூடச் சொன்னதில்லை ஹார்லன். நான் கிளம்பின அன்றைக்கும் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, ரோடு நல்லாத்தான் இருக்கு என்றாய்.

நானும் வருகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போக எனக்குக் கூச்சம். அது என் சொந்த வீடாக இருந்தாலும்.

ஆர்டிஸ்

*

டால்வில்
3 மே 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதத்தைத் தபால் ஆபீஸிலேயே நின்று பிரித்தேன். படித்து முடித்ததும் பெர்னிஸ், "ஆர்டிஸ் எப்படி இருக்கா? பேரனை இன்னும் பாத்துக்கிறாளா?" என்றாள். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"பேரனுக்கு அவ வேண்டியதில்லை பெர்னிஸ். நான் அவளைக் கூப்பிடவே இல்லை, அதான் வரலை" என்றேன்.

பின்னால் டொய்வோ நின்றிருந்தான். ஊரில் இருக்கிற மற்ற பாதிப் பேரும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. பெர்னிஸ் ஒரு கத்தைத் தபால்தலையை எடுத்து என் முன்னால் தள்ளி, "அப்போ எதுக்கு நின்னுக்கிட்டிருக்க?" என்றாள்.

வில்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். டொய்வோ என்று கையெழுத்துப் போடவில்லை. மன்னிப்புக் கேட்டேன், சூப்புக்கு நன்றி சொன்னேன். நீ சொன்ன ஏரி நிஜம் என்றும் எழுதினேன்.

ஐஸ் வியாழக்கிழமை போய்விட்டது. கரையில் தனியாக நின்று கேட்டேன். நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது. இந்த வருஷம் நீ கேட்கவில்லை. அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

குடிலுக்குள் இன்னொரு நாற்காலி போட இடமில்லை. அளந்து பார்த்துவிட்டுத் தெற்குச் சுவரை அறுத்து எடுத்துவிட்டேன். பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அங்கே உட்காரப் பிடிக்காவிட்டால் சொல், மொத்தமாகப் பிரித்து விறகாக்கிவிடுகிறேன். நான் சமையலறையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

எனக்குக் கேட்கத் தெரியவில்லை, அதுதான் விஷயம். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பது என்று பயந்தேன். நீ இல்லாமல் நடந்த முகம் மட்டும் என்ன வாழ்ந்தது?

நீ முதல் தடவை வேண்டாம் என்பாய், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பாய். தபாலுக்கு நாளாகும். அதனால் மூன்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வா.

வா.

ஆர்டிஸ், வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
ஹார்லன்